மூன்று நிமிடச் செய்தி

முன்னாளில் அச்சியந்திரம் சுழலத் தொடங்கும் வேளையே நிருபருக்குக் கெடு. எத்துணை கொடிதாயினும், சரிபார்ப்பதற்குச் சில மணி நேரத்தையேனும் அது ஈந்தது. இணையத்திலோ ஒவ்வொரு நிமிடமும் கெடுவே!

2014 மார்ச் 17ஆந் திகதி காலை 6.25 மணிக்கு லொஸ் ஏஞ்சலிஸில் 4.4 அளவான பூகம்பம் ஏற்பட்டது. துயில் கலைந்தெழுந்த 'லொஸ் ஏஞ்சலிஸ் ரைம்ஸ்' நிருபரொருவர் கணினியை நாடியபோது, அவர் முன்னரே இயற்றியிருந்த 'குவேக்பொட்' என்னும் நிரல் செய்தியை எழுதி ஆயத்தமாக வைத்திருந்தது! மூன்று நிமிடத்தில் செய்தி வெளியாயிற்று.

வியப்புத்தான். ஆயின், 2017 யூன் 21இல் அதே நிரல், சாந்தா பார்பராவில் 6.8 அளவான பெரும் பூகம்பமென அறிவித்தது. நிலமோ அசையவேயில்லை. 1925ஆம் ஆண்டுப் பூகம்பத்தின் பதிவைத் திருத்துகையில் அமெரிக்கப் புவிச்சரித ஆய்வுத் தாபனத்திலிருந்து தவறுதலாய் வெளிவந்த அறிவித்தலை அது அப்படியே நம்பிவிட்டது. அதிற் காணப்பட்ட ஆண்டோ, அன்றைக்கு இன்னும் வந்திராத 2025! அரைத் தூக்கத்திலிருக்கும் உதவியாசிரியர்கூட அதைக் கண்டு பேனாவைக் கீழே வைத்திருப்பார். பத்திரிகை செய்தியை மீளப் பெற்றுக்கொண்டது.