உள்ளமைப்பு அறியாத உலா

வங்கிக் கணக்குகள், நூலகப் பதிவுகள், ரயில் முன்பதிவுப் பட்டியல் என எந்தத் தரவுத் தொகுப்பைக் கையாளும் நிரலானாலும், அதன் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்க்கும் வேலை அதில் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். ஆனால் எல்லாத் தொகுப்புகளும் கணினியின் நினைவகத்தில் ஒரே விதமாக அமைந்திருப்பதில்லை. உறுப்புகளை அடுத்தடுத்த இடங்களில் வரிசையாக வைக்கும் அமைப்பு 'அணி' என்றும், ஒவ்வோர் உறுப்பும் தனக்கு அடுத்தது இருக்கும் முகவரியைத் தன்னுடன் வைத்துக்கொள்ளும் அமைப்பு 'இணைப்புப் பட்டியல்' என்றும், கிளைகளாகப் பிரிந்து செல்லும் அமைப்பு 'மரம்' என்றும் வழங்கப்படுகின்றன.

இந்த வேறுபாட்டைக் கருதாமல் எழுதப்படும் நிரல் வீண் உழைப்புக்கு இடம் தருகிறது. அணியில் ஐந்நூறாவது உறுப்பை அதன் வரிசை எண்ணைக் கொண்டே நேராக எட்டிவிடலாம். இணைப்புப் பட்டியலிலோ முதல் உறுப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கடந்துதான் அதை அடைய முடியும். ஆகவே 1,000 உறுப்புகள் கொண்ட ஒருவழி இணைப்புப் பட்டியலை, ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து எண்ணித் தேடிப் படிக்கும் நிரல் மொத்தம் 5,00,500 முறை உறுப்புகளைத் தொட நேர்கிறது. வந்து நிற்கும் இடத்தை நினைவில் வைத்து நகரும் நிரலுக்கு 1,000 முறையே போதும்.

அந்த நினைவைத் தனியொரு பொருளாக்குவதே 'இட்டரேட்டர்' என்னும் உத்தி. பொருள்நோக்கு நிரலாக்கத்தில் 'பொருள்' என்பது தரவையும் அதன்மீது நிகழும் செயல்களையும் ஒருங்கே கொண்ட அலகாகும். தொகுப்பு தன் உள்ளமைப்பை அறிந்த ஓர் இட்டரேட்டரை உருவாக்கித் தர, பயன்படுத்தும் நிரல் அதனிடம் 'இன்னும் உறுப்பு உண்டா' என்று கேட்டு, உண்டெனில் அடுத்ததைப் பெற்றுக்கொள்கிறது. இடக்குறிப்பு தொகுப்பில் இல்லாமல் இட்டரேட்டரில் இருப்பதால், ஒரே நூலை இருவர் தத்தம் அடையாளச் சீட்டுடன் படிப்பதுபோல, ஒரே தொகுப்பில் இரண்டு இட்டரேட்டர்கள் வெவ்வேறு இடங்களில் நிற்க முடியும்.

1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய க்ளூ என்னும் நிரலாக்க மொழியில் இட்டரேட்டர் மொழியின் கூறாகவே இடம்பெற்றது. எரிக் காமா உள்ளிட்ட நால்வர் 1994இல் வெளியிட்ட 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூல், தான் விளக்கிய 23 வடிவமைப்பு முறைகளுள் ஒன்றாக இதை வகுத்துரைத்தது. 1998இல் வந்த ஜாவா நிரலாக்க மொழியின் 1.2 பதிப்பின் தொகுப்பு நூலகம் இதையே அடிப்படையாகக் கொண்டது. 2004இல் வந்த ஜாவா 5 பதிப்பு, இட்டரேட்டரைப் பின்னணியில் தானே இயக்கும் எளிய சுழற்சிக் கட்டளையை அளித்தது.

இவ்வுத்திக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. இட்டரேட்டரின் உலா நடந்துகொண்டிருக்கும்போதே தொகுப்பில் உறுப்புகளைச் சேர்த்தாலோ நீக்கினாலோ இடக்குறிப்பு பொருளற்றதாகிவிடலாம் என்பதால், ஜாவாவின் பொதுவான தொகுப்புகள் அத்தகைய மாற்றத்தைக் கண்டறிய முயன்று பிழை அறிவிக்கின்றன. நீக்க வேண்டுமெனில் அதை இட்டரேட்டரின் வழியாகவே செய்வது முறை. இந்த ஒழுங்கு பேணப்படும்வரை, பட்டியலாக இருந்த தொகுப்பு நாளை மரமாக மாற்றப்பட்டாலும், இட்டரேட்டரை மட்டும் நம்பி எழுதப்பட்ட நிரலில் ஒரு வரியும் திருத்த வேண்டியதில்லை.