கியர்பாக்ஸைக் கழற்றும் முன் சில கேள்விகள்

“பெட்டி போச்சுண்ணே. மாத்திடுங்க.”

கடந்த செமஸ்டர் விடுமுறையில் நான் தாப்பாவுக்கு வந்து சேர்ந்த மறுநாள், பட்டறைக்காரர் ஒருவர் அப்பாவிடம் சொன்னது இது. ‘ஹாஃப் கட்’ கடையிலிருந்து பழைய கியர்பாக்ஸ் வாங்கிப் பொருத்த, கூலியோடு சேர்த்து 3,800 ரிங்கிட் ஆகும் என்றார். அவர் எங்கள் வேனை ஓட்டிப் பார்த்தது மொத்தம் ஐந்து நிமிடம்தான்.

அம்மா தாப்பாவில் பூக்கடை வைத்திருக்கிறார். அப்பா வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் கேமரன் மலைக்கு ஏறி, செவ்வந்தியும் ரோஜாவும் ஏற்றி வருவார். இதற்கெல்லாம் இருப்பது ஒரே ஒரு பழைய ஆட்டோ கியர் வேன். அது என்னைவிட வயதில் மூத்தது. நவராத்திரிக்கு மூன்று வாரமே இருந்தது. 3,800 ரிங்கிட் கொடுத்தால் பூ வாங்கக் கையில் பணம் இருக்காது. கொடுக்காவிட்டால் பூ கொண்டுவர வண்டி இருக்காது.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. “நீ படிக்கிறது இதுதானேம்மா, கொஞ்சம் பாரேன்” என்றார் அப்பா. உண்மையைச் சொன்னால், அதுவரை நான் கியர்பாக்ஸைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

நான் செய்த முதல் தவறு

மறுநாள் காலை எஞ்சினை முடுக்கி, கியர் எண்ணெயின் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் ‘சூடு’ என்ற கோட்டுக்குக் கீழே இருந்தது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஊற்றினேன்.

அன்று மாலை வண்டி இன்னும் மோசமாக ஓடியது. கியர் வழுக்கியது. டிப்ஸ்டிக் குழாய் வழியாக எண்ணெய் நுரைத்து வெளியே கசிந்தது. சூடானால் எண்ணெய் விரிந்து மட்டம் உயரும் என்பதை நான் யோசிக்கவில்லை. குளிர்ந்த எண்ணெயைச் ‘சூடு’ கோட்டோடு ஒப்பிட்டது என் தவறு. அளவு மிஞ்சியதும் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிட்டன. நுரையில் காற்று இருப்பதால் அழுத்தம் சரியாகக் கிடைக்காது.

எங்கள் வரிசையில் ஒரு தாத்தா இருக்கிறார். ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் பல ஆண்டுகள் டிராக்டரும் லாரியும் பழுதுபார்த்தவர். கூடுதல் எண்ணெயை வெளியே எடுக்க உதவியவர், என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “எப்போ அப்படி ஆகுதுன்னு அப்பாகிட்ட கேட்டியா பாப்பா?”

நான் கேட்கவில்லை. பட்டறைக்காரரும் கேட்கவில்லை.

அப்பாவிடம் எடுத்த பேட்டி

நோட்டுப் புத்தகத்தோடு அப்பா முன் உட்கார்ந்தேன். அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

தாப்பா நகருக்குள் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. மலையேறி லாத்தா இஸ்கந்தார் அருவியை நெருங்கும்போதுதான் தொல்லை தொடங்கும். வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். நிறுத்திக் கிளப்பினால், மூட்டை சுமந்த மாடு போல மெதுவாக நகரும். அரை மணி நேரம் அணைத்துவிட்டுத் திரும்பக் கிளப்பினால் சரியாகிவிடும். பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே கதை.

“வேறு ஏதாவது?” என்றேன்.

“அந்த ஓ.டி. விளக்கு ரெண்டு மாசமா கண்ணடிக்குது. பல்பு கோளாறுன்னு நெனச்சேன்.”

என் விசாரணையின் திருப்பம் அந்த ஒரு வரிதான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஆட்டோ கியர்பாக்ஸை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் கப்பல்களுக்காக உருவாக்கிய யோசனை இது. இரண்டாவது, பல்சக்கரங்களும் அவற்றைப் பிடித்து விடுவிக்கும் கிளட்ச் தட்டுகளும். இந்தத் தட்டுகளை அழுத்துவது எண்ணெய். ஐந்தாம் படிவத்தில் படித்த பாஸ்கல் தத்துவம்தான். மூன்றாவது, எந்தத் தட்டுக்கு எப்போது எண்ணெய் போக வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதி. 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்த ‘ஹைட்ரா-மேட்டிக்’ பெட்டியில் அதை எண்ணெய் அழுத்தமும் வால்வுகளுமே செய்தன. எங்கள் வேனில் ஒரு சிறு கணினி முடிவெடுக்கிறது. சோலனாய்டு எனப்படும் மின்காந்த வால்வுகள் அதன் கட்டளைப்படி குழாய்போல் திறந்து மூடுகின்றன.

இப்போது அப்பா சொன்னதை இதில் வைத்துப் பாருங்கள். கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருந்தால் எஞ்சின் அலறும், வண்டி அதற்கேற்ப நகராது. எங்கள் வேனோ (நான் எண்ணெயை அதிகம் ஊற்றிய அந்த மாலையைத் தவிர) வழுக்கவே இல்லை. ஒரு கியரை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, அதை விட மறுத்தது. அதோடு, தேய்ந்த தட்டு அரை மணி நேர ஓய்வில் புதிதாகிவிடாது. ஆகவே சந்தேகம் தட்டுகளிலிருந்து கட்டளை போகும் வழிக்கு நகர்ந்தது.

கண்ணடிக்கும் விளக்கும் அதையே சொன்னது. மின்சுற்றில் கோளாறு தெரிந்தால், கணினி சோலனாய்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். எங்கள் வேனைப் போன்ற பல நான்கு கியர் பெட்டிகளில், மின்சாரம் இல்லாதபோது வண்டி மூன்றாவது கியரில் நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். நடுவழியில் தவிக்காமல் எப்படியாவது வீடு சேர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. சமதரையில் அது உதவி. மலைச்சாலையில் பெட்டியே செத்துவிட்டது போலத் தோன்றும்.

அளந்து பார்த்தோம்

பழுதுபார்க்கும் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்துத் தமிழில் சொல்ல, தாத்தா எந்தப் பாகம் எங்கே இருக்கும் என்று காட்டினார். சோலனாய்டு ஒவ்வொன்றின் மின்தடையும் 20 முதல் 40 ஓம் வரை இருக்க வேண்டும் என்றது கையேடு.

வீட்டு வாசலில் மல்டிமீட்டரை வைத்தோம். ஒன்று 27, மற்றொன்று 28 ஓம். இரண்டுமே சரி! எனக்குப் பெரிய ஏமாற்றம். “சூட்டுல வர்ற நோயைக் குளிர்ல தேடுறியே” என்று சிரித்தார் தாத்தா.

அப்பா ஓட்ட, மூவரும் மலைக்குப் புறப்பட்டோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் செல்லும் இந்தச் சாலை 1931-இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்று அது கூட்டரசு சாலை 59. சுமார் 60 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,400 மீட்டர் ஏற வேண்டும், வளைவுக்கு மேல் வளைவு. மெதுவாகப் பாரம் இழுக்கும்போது டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் அதிகமாகக் கலங்கிச் சூடேறும். பழைய பெட்டியைச் சோதிக்க இதைவிடக் கடுமையான தேர்வுக்கூடம் வேண்டியதில்லை.

லாத்தா இஸ்கந்தாரை நெருங்கும்போது, சொல்லிவைத்தாற்போல் வண்டி மாட்டிக்கொண்டது. வாகன நிறுத்துமிடத்தில் எஞ்சினை அணைத்து, முன் இருக்கையைத் தூக்கி, வயர் இணைப்பைக் கழற்றி அளந்தோம். ஒரு சோலனாய்டு 33 ஓம் காட்டியது. செம்பு சூடானால் மின்தடை கொஞ்சம் கூடும் என்பதால் அது இயல்பு. மற்றொன்றில் மீட்டர் எண்ணே காட்டவில்லை. சூட்டில் அதன் சுருள் விரிந்து, உள்ளே எங்கோ தொடர்பு விட்டுப்போயிருந்தது. குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மாதப் புதிர் அவ்வளவுதான்.

செலவு 620 ரிங்கிட்

சோலனாய்டு தொகுதி பெட்டியின் அடித்தட்டுக்குள் இருக்கிறது. பெட்டியை இறக்கத் தேவையில்லை. இந்த வேலையை நாங்கள் செய்யவில்லை. கண்டுபிடித்ததை ஒரு தாளில் எழுதி வேறொரு பட்டறையில் கொடுத்தோம். அடித்தட்டைக் கழற்றியபோது எண்ணெய் பழுப்பாக இருந்தது, கருகவில்லை. காந்தத்தில் மாவு போன்ற சாம்பல் தூள் மட்டுமே ஒட்டியிருந்தது. இவ்வளவு பழைய பெட்டிக்கு அது இயல்புதான். புது சோலனாய்டு, வடிகட்டி, கேஸ்கெட், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 620 ரிங்கிட்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்து, உலோகச் சில்லுகள் கிடந்திருந்தால் முதல் பட்டறைக்காரர் சொன்னதே சரியாக இருந்திருக்கும். அவர் விடை தவறு என்பதைவிட, விடைக்கு முன்னால் வர வேண்டிய கேள்விகள் விடுபட்டதுதான் என் வருத்தம். அதே தவறை ஒரு லிட்டர் எண்ணெயோடு நானும் செய்தவள்தானே.

உங்கள் வீட்டு வாகனத்துக்கு

பட்டறைக்குப் போகும் முன் இவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்:

• கோளாறு எப்போது வருகிறது? குளிரிலா, சூட்டிலா, ஏற்றத்திலா, எல்லா நேரத்திலுமா?
• எஞ்சின் அலறியும் வண்டி நகரவில்லையா, அல்லது ஒரே கியரில் நிற்கிறதா?
• எந்த விளக்காவது எரிகிறதா, சிமிட்டுகிறதா?
• கியர் எண்ணெயின் மட்டம், நிறம், வாடை எப்படி? சமதரையில், கையேடு சொல்லும் முறையிலும் சூட்டிலும் மட்டுமே பாருங்கள்.

ஜாக்கை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் நுழையாதீர்கள். தாங்கிகள் வைத்து, சக்கரத்துக்குக் கட்டையும் போட வேண்டும்.

எஸ்பிஎம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ‘மெக்கானிக் வேலையா?’ என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. மல்டிமீட்டரும் கையேடும் இல்லாமல் இன்று அந்த வேலையே இல்லை. வாகனத் துறையில் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் இருக்கிறது. அதற்கு மேல் திறன் டிப்ளோமாவும் உண்டு. ஈப்போவில் தொழிற்பயிற்சிக் கழகமும், 1969-இல் தொடங்கிய உங்கு ஓமார் போலிடெக்னிக்கும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன.

நவராத்திரிக்கு முந்தின வாரம் அப்பாவோடு மலைக்குப் போனேன். இப்போது ஏற்றத்தில் ஓ.டி.யை அணைத்துவிடுகிறார். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே பெட்டி தடுமாறாது, சூடும் குறையும். இறங்கும்போது தாழ்ந்த கியரில் வருவதால் பிரேக்கும் பிழைத்தது. ரிங்லெட்டைத் தாண்டியதும், ஓ.டி. விளக்கை ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார். அது சிமிட்டவில்லை. பின்னால் பூக்கூடைகளுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தோம்.