ஏலத்தில் ஏறிய வண்டிகள் – 7: பால் கேன் தூக்கிய ஆர்.எக்ஸ். 100

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி சாலையில் போனாலும் சரி, புக்கத்துறை சாலையில் போனாலும் சரி, ஏரிக்கரையை ஒட்டிய கிராமங்களில் சில வருடங்களாக ஒரு புது வகைத் தரகரைப் பார்க்க முடிகிறது. மாட்டுத் தரகரும் இல்லை, மனைத் தரகரும் இல்லை. டீக்கடையில் ஒரு டீயைச் சொல்லிவிட்டு, “இங்க யார் வூட்லயாவது பழைய ஆர்.எக்ஸ். நிக்குதாண்ணே?” என்று பேச்சைத் தொடங்குவார். யாராவது கை காட்டுவார்கள். மாட்டுக்கொட்டகை ஓரம், யூரியா சாக்கு போர்த்தி, டயர் மண்ணோடு மண்ணாக ஒரு வண்டி நிற்கும்.

“அது ஓடாத வண்டிப்பா. அத்த வச்சிகினு இன்னா பண்ணப் போற?”

“ஓடலன்னா பரவால்லண்ணே. ஆர்.சி. புக் இருக்குதா, அத மட்டும் சொல்லுங்க.”

தரகர் கேட்கும் அந்த ஒரு கேள்விக்குள்தான் விலை இருக்கிறது. புத்தகம் இருக்கிறது என்று சொன்னதும், பேரீச்சம்பழத்துக்குப் போட இருந்த இரும்பு பல ஆயிரமாகிறது. அதே வண்டி சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், பெயின்ட் ஏறி, நிக்கல் பூச்சு பளபளக்க நிற்கும்போது ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. நடுவில் நடப்பதைக் கிராமத்துக்காரர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த வாரம் அமெரிக்காவை விட்டு நம் மாவட்டத்துக்கு வந்திருக்கிறேன்.

சென்ற வாரம் மசில் கார்கள் பிறந்த கதையோடு நிறுத்தியிருந்தோம். 1964-ல் பான்டியாக் கம்பெனி, தன் நடுத்தர டெம்பெஸ்ட் காருக்குள் பெரிய காரின் 6.4 லிட்டர் எஞ்சினை இறக்கி ஜி.டி.ஓ. என்று பெயரிட்டு விற்றது. சின்ன உடம்பு, பெரிய எஞ்சின், சம்பளக்கார இளைஞனுக்கு எட்டும் விலை. பத்தே வருடத்தில் அந்த ஆட்டம் அடங்கிவிட்டது. இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறியது, புகைக்குக் கட்டுப்பாடு வந்தது, 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. 1971-ன் பிளிமத் ஹெமி குடாவில் மேற்கூரை திறக்கும் ரகம் 11 மட்டுமே விற்றது. அன்று அதைக் கேட்க ஆளில்லை. அந்தப் பதினொன்றில் ஒன்று 2014-ல் சியாட்டில் நகரில் மீக்கம் நிறுவனத்தின் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. ஸ்டீவ் மெக்வீன் 1968-ல் ‘புல்லிட்’ படத்தில் ஓட்டிய மஸ்டாங்கை 1974-ல் ஒரு குடும்பம் சில ஆயிரம் டாலருக்கு வாங்கி வீட்டு வண்டியாகவே ஓட்டிக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் அதற்கு ஏலத்தில் விழுந்த விலை 34 லட்சம் டாலர்.

நம் நாட்டில் அந்த இடத்துக்குக் காண்டெஸாவைச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் 1984-ல் வந்த அந்தக் காரை உத்திரமேரூர் பக்கம் கல்யாண ஊர்வலத்திலோ அமைச்சர் வருகையிலோதான் பார்த்திருப்பார்கள். இளைஞனின் ஆசைக்கும் அவன் பாக்கெட்டுக்கும் நடுவில் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது இரண்டு சக்கரம்தான். அதனால் இங்கே மசில் காரின் வேலையைச் செய்தது ஆர்.எக்ஸ். 100 என்றே நான் நினைக்கிறேன்.

1985 கடைசியில் எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து இறக்கிய வண்டி அது. முதல் சில ஆயிரம் வண்டிகள் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டவை. ‘ஜப்பான் எஞ்சின்’ என்று மெக்கானிக்குகள் இன்றும் குரலைத் தாழ்த்திச் சொல்வது அவற்றைத்தான். 98 சி.சி. எஞ்சின், 11 குதிரைத் திறன், எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். அதே வருடம் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 கிட்டத்தட்ட அதே அளவு எஞ்சினில் ஏழு சொச்சம் குதிரைத் திறன்தான் தந்தது. காரணம், ஆர்.எக்ஸ். டூ-ஸ்ட்ரோக். கிராங்க் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் ஒரு முறை பெட்ரோல் வெடிக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். திருகிய கைக்கு உடனே பதில் சொல்லும் அந்த வேகம் அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் புகையும் அங்கிருந்துதான். எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே எரியும், எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வெளியே போய்விடும்.

இந்த வேகத்தை நம் ஊர் பயன்படுத்திய விதம் வேறு. இரண்டு பக்கமும் பால் கேன் கட்டி, விடியற்காலையில் சொசைட்டிக்கு ஓடியது ஆர்.எக்ஸ். விதை நெல் மூட்டை, உர மூட்டை, பிரசவத்துக்குப் போகும் பெண், கீரைக்கட்டு எல்லாம் அதன் சீட்டில் ஏறின. மழைக்காலத்தில் வண்டல் வழுக்கும் வரப்புப் பாதையில், அரைக் கிளட்ச்சில் முனகிக்கொண்டே ஏறிவிடும் வண்டி அது. எடை குறைவு என்பதால் சேற்றில் சிக்கினாலும் ஒரே ஆள் தூக்கி நிறுத்தலாம்.

1996-ல் புகை விதிகள் இறுகியபோது ஆர்.எக்ஸ். 100 நின்றது. ஆர்.எக்ஸ். 135 போன்ற தம்பிகள் இன்னும் சில வருடம் ஓடிவிட்டு அவையும் நின்றன. பெட்ரோல் விலை ஏறஏற, லிட்டருக்கு எண்பது கொடுக்கும் வண்டிகளுக்கு ஊரே மாறியது. 2005 வாக்கில் ஓடுகிற ஆர்.எக்ஸ். பத்துப் பதினைந்தாயிரத்துக்குக் கிடைத்தது. ஓடாதது காயலான் கடைக்கு எடைக்குப் போனது. நல்ல பாகங்கள் பிரிந்து சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளுக்குப் போயின. இன்று இருக்கும் தட்டுப்பாடு அந்தப் பத்து வருடத்தில் உருவானது. ஹெமி குடாவைப் போல இது பதினொன்று மட்டும் செய்யப்பட்டதல்ல, லட்சக்கணக்கில் செய்யப்பட்ட வண்டி. அப்படியும் முழுசாகத் தப்பியது கொஞ்சம்தான்.

விலையைத் தூக்கியவர்கள் யார்? பதில் நம் மாவட்டத்துச் சாலைகளிலேயே ஓடுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2013-ல் ராயல் என்ஃபீல்ட், 2015-ல் வல்லம் வடகாலில் யமஹாவே தொழிற்சாலை திறந்தது. உத்திரமேரூர் கிராமங்களுக்குள் கம்பெனி பஸ் வந்து ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிறது. 1990-ல் பதினேழு வயதில் அடுத்த தெரு ஆர்.எக்ஸின் சத்தத்துக்கு வாசலுக்கு ஓடி வந்தவருக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று, வீட்டுக் கடன் முடிந்தது, கையில் கொஞ்சம் பணம். அவர் தேடுவது போக்குவரத்துக்கு ஒரு வண்டி இல்லை. அன்று அப்பா வாங்கித் தர மறுத்ததை இன்று வாங்குகிறார். அமெரிக்காவில் மசில் கார் விலை ஏறியதும் இதே கணக்கில்தான். 1970-ல் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த பையன்கள் 2000-க்குப் பிறகு பணக்காரர்களாக ஏலக் கூடத்துக்குள் வந்தார்கள்.

ஆசை மட்டும் விலையாகிவிடாது. அதோடு போட்டியும் வேண்டும். நம் ஊர் ஏரி மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நாலு பேர் முன்கூட்டியே பேசி வைத்து வந்தால் அரசு மதிப்போடு நிற்கும். வெளியூர் ஆள் ஒருவர் புகுந்தால் கதையே மாறும். வண்டியில் இதற்கு நல்ல உதாரணம் குருவாயூர். 2021 டிசம்பரில் மஹிந்திரா நிறுவனம் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்த தார் ஜீப், 15 லட்சம் ஆரம்ப விலையில் ஏலத்துக்கு வந்தபோது கேட்டவர் ஒரே ஒருவர். 15.10 லட்சத்துக்கு முடிந்தது. சர்ச்சையாகி, 2022 ஜூனில் மறு ஏலம் விட்டார்கள். பலர் வந்தார்கள், 43 லட்சத்துக்குப் போனது. வண்டி அதேதான், ஆறு மாதம் பழசானதுதான் மிச்சம்.

நம் பக்கத்தில் பழைய வண்டிக்குப் பொது ஏலம் என்றால் அது பெரும்பாலும் போலீஸ் ஏலம். மதுவிலக்கு வழக்குகளில் பிடிபட்டவை, உரிமை கோராதவை என்று ஆயுதப்படை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, முன்பணம் கட்டியவர்களை வைத்து ஏலம் விடுவார்கள். பிடித்த வண்டியைக் காவல் நிலையத்தில் நீண்ட காலம் போட்டுவைக்கக் கூடாது, ஆறு மாதத்துக்குள் முடிவெடுங்கள் என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றும் எந்த ஸ்டேஷன் வாசலிலும் வேப்பமரத்தடியில் துருப்பிடித்த குவியலைப் பார்க்கிறோம். வெயிலும் மழையும் பட்ட டேங்க் உள்ளே அரித்துப்போகும், கார்புரேட்டர் காணாமல் போயிருக்கும். ஏலத்துக்கு வரும்போது ஆர்.எக்ஸ். ஆர்.எக்ஸாக இருக்காது. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிற விஷயம். சீக்கிரம் விட்டிருந்தால் அரசுக்கும் காசு, ஓட்டுகிறவருக்கும் வண்டி.

இனி காகிதத்துக்கு வருவோம். பதினைந்து வருடம் கடந்த பைக்குக்குப் பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. தாமதித்தால் மாதம் 300 ரூபாய் கூடுதல். இருபது வருடம் தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆக்கினார்கள். பால் ஊற்றிப் பிழைப்பவருக்கு இது சின்னத் தொகை இல்லை. மூன்று நாலு வருடம் விட்டுவிட்டால் அபராதமே வண்டி விலைக்கு வந்து நிற்கும். அந்தப் பயத்தில்தான் பலர் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள், தள்ளிவிட்டது என்ன என்பது தெரியாமலே. வாங்குகிறவருக்கு அதே அபராதம் ஒரு பொருட்டே இல்லை. திரும்ப விற்கும் விலையில் அது கரைந்துவிடும்.

ஆகவே விற்க நினைப்பவருக்கு ஒன்று சொல்கிறேன். புத்தகம் எங்கே என்று முதலில் தேடுங்கள். அதில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று மண்ணெண்ணெய் துணியால் துடைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் நீங்கள் கையில் வைத்திருப்பது வேறு பொருள். அமெரிக்க ஏலங்களிலும் தொழிற்சாலையில் பூட்டிய அதே எஞ்சினோடு இருக்கும் காருக்கும், எஞ்சின் மாற்றிய காருக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. பழைய டேங்க், சைடு கவர், கம்பெனி சைலன்சர் எதையும் தூக்கிப் போடாதீர்கள். விற்பதற்காக அவசர பெயின்ட் அடிக்கவும் வேண்டாம். தேய்ந்த பழைய பெயின்டை வாங்குகிறவர் அதிகம் மதிப்பார். பெயர் மாற்றிக் கொடுக்காமல் வண்டியை அனுப்பவே கூடாது. அந்த வண்டி எங்கோ ஒரு சங்கிலிப் பறிப்பில் மாட்டினால் போலீஸ் வருவது புத்தகத்தில் பெயர் இருப்பவர் வீட்டுக்குத்தான்.

வாங்குகிறவருக்கும் எச்சரிக்கை உண்டு. விலை ஏறிய இடத்தில் போலி வரும். இரண்டு மூன்று வண்டியின் பாகங்களைச் சேர்த்து, எண்ணை அரைத்து மறுபடி குத்திய ‘ஒரிஜினல்’கள் சந்தையில் இருக்கின்றன. எஞ்சினில் எண் குத்திய இடத்தில் வார்ப்பின் சொரசொரப்பு இல்லாமல் வழவழவென்று இருந்தால் விலகிவிடுங்கள். இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த வண்டிகளுக்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் பதம் பார்க்கும். மாதக்கணக்கில் டேங்க் நிறைய ஊற்றி நிறுத்தி வைக்காதீர்கள். ஓட்டுங்கள், இல்லையேல் வடித்துவிடுங்கள்.

இந்த விலை நிற்குமா? எல்லாக் காலத்துக்கும் நிற்காது என்பதே என் கணிப்பு. அமெரிக்காவில் மசில் கார் விலை 2007 வாக்கில் உச்சத்துக்குப் போய், 2008 நெருக்கடியில் விழுந்து, பிறகு மறுபடி எழுந்தது. இதற்குள் அடுத்த தலைமுறை வேறு ஆசையோடு வந்துவிட்டது. ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படத்தில் ஓடிய ஆரஞ்சு நிற டொயோட்டா சுப்ரா 2021 ஜூனில் பேரட்-ஜாக்சன் ஏலத்தில் ஐந்தரை லட்சம் டாலருக்குப் போனது. குடாவின் பெயர் கேட்டு மயிர்க்கூச்செறிந்தவர்கள் வயதாகி விற்கிறார்கள்; சுப்ராவின் படத்தைச் சுவரில் ஒட்டியவர்கள் வாங்குகிறார்கள். இங்கும் 2007-ல் ‘பொல்லாதவன்’ பார்த்துவிட்டுத் தியேட்டரிலிருந்து நேராக பல்சர் ஷோரூமுக்குப் போக நினைத்த பையன்களுக்கு நாற்பது நெருங்குகிறது. கொட்டகை ஓரத்தில் பழைய பல்சர் நின்றால், அதன் புத்தகத்தையும் பத்திரமாக வையுங்கள்.

ஆர்.எக்ஸுக்கு இன்னொரு நாள் காத்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வருடம் கடந்து, சேசிஸும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத வண்டி ‘விண்டேஜ்’ ஆகும். அதற்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனி எண் பலகை, பத்து வருடப் பதிவு. முதல் ஆர்.எக்ஸ்.கள் அந்த வயதைத் தொடுவது 2035-ல். அதுவரை பிரிக்கப்படாமல் தப்பும் வண்டிகள் எங்கோ ஒரு மாளிகையின் கண்ணாடி அறையில் மட்டும் இருக்கக் கூடாது, நாலு வண்டியாவது உத்திரமேரூர் பக்கத்துத் தெருக்களில் கிக்கர் உதைபட்டு எழ வேண்டும் என்பது என் ஆசை.

அந்த ஐம்பதை ஏற்கெனவே தாண்டிவிட்ட வண்டி ஒன்று நம் வடசென்னையில் பிறந்தது. 1955-ல் திருவொற்றியூரில் பூட்டத் தொடங்கிய புல்லட். கியர் வலது பக்கமும் பிரேக் இடது பக்கமும் இருந்த அந்த இரும்பு எஞ்சினுக்கு இன்று யார், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)