பஞ்சப்படியில் பாதி எங்கே போயிற்று?

நம் சங்கத்து இளைஞர்களில் பலர் வீட்டுக் கடன் வாங்கியவர்கள். 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக ஏறியபோது அவர்களுடைய மாதத் தவணையும் கூடவே ஏறியது. அந்தச் சமயத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சண்டை உக்ரைனில் நடக்கிறது. எண்ணெய் விலை அதனால் ஏறுகிறது. டோம்பிவிலியில் இருக்கிற என் தலையில் ஏன் மாமா வட்டியை ஏற்றுகிறார்கள்?"

பொருளாதாரப் பேராசிரியர்கள் இதைக் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டு விளக்கிவிடுவார்கள். நான் பேராசிரியன் அல்லன். 1972-இல் பம்பாய் ஃபோர்ட் பகுதியில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த வழி 1974-ஆம் ஆண்டைச் சொல்வதுதான்.

அந்த ஆண்டை நினைவில் வைத்திருப்பவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள். கெடுதல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1972-இல் மழை பொய்த்தது. மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி. நாட்டின் உணவு தானிய விளைச்சல் 1971-72-இல் 10 கோடியே 50 லட்சம் டன்னாக இருந்தது, அடுத்த ஆண்டு 9 கோடியே 70 லட்சம் டன்னாகக் குறைந்தது. வங்கதேசப் போருக்கும் அகதிகளுக்கும் அரசு செய்த செலவால் பணப் புழக்கமோ கூடியிருந்தது. இந்த நிலையில் 1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் போர் மூண்டது. பீப்பாய் சுமார் 3 டாலருக்குக் கிடைத்த கச்சா எண்ணெய் 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. 1972-73-இல் சுமார் 200 கோடி ரூபாயாக இருந்த நம் எண்ணெய் இறக்குமதிச் செலவு இரண்டே ஆண்டில் 1,100 கோடிக்கு மேல் போயிற்று. பெட்ரோல் விலையைக் கண்டித்து வாஜ்பாய் 1973 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு மாட்டு வண்டியில் வந்தது அப்போதைய பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. போதாததற்கு 1974 மே மாதம் சுமார் இருபது நாள் ரயில்வே வேலைநிறுத்தம். இருக்கிற சரக்கும் வந்து சேரவில்லை.

தாராவியில் நான் மளிகை வாங்கிய கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரு நாள் துவரம்பருப்பு கேட்டுப் போனேன். "எல்லாரும் துட்ட வச்சிக்கிட்டு நிக்காவ தம்பி, மூட்டைதான் வரல" என்றார் அண்ணாச்சி. கரும்பலகைக் கோடுகள் சொல்வதும் இதைத்தான். நாடு முழுவதும் வாங்க விரும்புகிற மொத்தம் ஒரு பக்கம். விளைவித்து, செய்து, கொண்டுவந்து விற்கக் கூடிய மொத்தம் இன்னொரு பக்கம். முதலாவது சுருங்கினால் விலையும் இறங்கும், உற்பத்தியும் இறங்கும். இரண்டாவது சுருங்கினால் உற்பத்தி இறங்கும், விலை ஏறும். வேலை போவதும் விலை ஏறுவதும் ஒன்றாக வருவதால் இந்த இரண்டாவது நோய்க்கு மருந்து தருவது கஷ்டம். வேலைக்காகப் பணத்தை அவிழ்த்துவிட்டால் விலை இன்னும் பறக்கும். விலைக்காகப் பணத்தை இறுக்கினால் வேலை இன்னும் போகும்.

1974 செப்டம்பரில் மொத்த விலைகள் முந்தைய ஆண்டைவிட 30 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருந்தன. வங்கி ஊழியர்களான எங்களுக்கு விலைப்புள்ளி ஏற ஏறப் பஞ்சப்படி ஏறும். நாங்கள் கூடுதலாக வாங்கும் பணம் மறுபடி அதே துவரம்பருப்பைத் தேடிப் போகும், விலை இன்னும் ஏறும், பஞ்சப்படியும் ஏறும். இந்தச் சக்கரத்தை நிறுத்தத்தான் 1974 ஜூலையில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சம்பள உயர்வு முழுவதையும், கூடுதல் பஞ்சப்படியில் பாதியையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கம்பெனிகள் பங்குதாரர்களுக்குத் தரும் லாபப் பங்குக்கும் வரம்பு கட்டினார்கள். ரிசர்வ் வங்கி தன் வட்டியை 7-லிருந்து 9 சதவீதமாக்கியது. 2022-இல் நம் இளைஞரின் தவணை ஏறியதற்கும் காரணம் இந்த இனத்தைச் சேர்ந்ததே. வட்டியை ஏற்றி எண்ணெய்க் கிணறு தோண்ட முடியாது என்பது ரிசர்வ் வங்கிக்குத் தெரியும். எண்ணெயில் தொடங்கிய விலையேற்றம் வாடகை, கூலி, ஹோட்டல் இட்லி என்று பரவி நிலைத்துவிடக் கூடாது என்பதுதான் அதன் கவலை.

கொள்கை சரிதான். ஆனால் என் தங்கைக்கு 1974 ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பஞ்சப்படியை நம்பித்தான் ஊருக்கு மணியார்டர் கணக்குப் போட்டிருந்தேன். "சர்க்கார் பணத்தைப் பிடித்தால் மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் என்ன சொல்வது?" என்று அப்பா இன்லண்டு கடிதத்தில் கேட்டார். கல்யாணம் மறு ஆண்டு வைகாசிக்குத் தள்ளிப் போயிற்று. நல்ல மனிதர்கள், காத்திருந்தார்கள். பிடித்த பணத்தைப் பிற்பாடு வட்டியோடு ஐந்து ஆண்டுத் தவணைகளில் தந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பிடிப்பதற்குப் பஞ்சப்படி என்று ஒன்று அவருக்கு இருந்தால்தானே! மண்ணெண்ணெய் வரிசையில் அரை நாள் நின்றால் அரை நாள் கூலி போகும், அவ்வளவுதான்.

பிறகு எப்படிச் சரியாயிற்று? 1974 கடைசியிலேயே விலைகள் இறங்கத் தொடங்கின. 1975 ஜூனில் வந்த நெருக்கடி நிலைதான் விலையைக் குறைத்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. தேதியைப் பார்த்தால் அது முழு உண்மை இல்லை. பணத்தை இறுக்கியது ஒரு காரணம். 1975-இல் நல்ல மழை பெய்து தானிய விளைச்சல் 12 கோடியே 10 லட்சம் டன்னாக உயர்ந்தது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். 1975-76-இல் மொத்த விலைகள் ஏறாமல் சுமார் 1 சதவீதம் குறைந்தன.

எண்ணெய் விலை மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நாடுதான் அதற்கேற்ப மாறிக்கொண்டது. 1974 பிப்ரவரியில் நம் பம்பாய்க்கு எதிரே கடலடியில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 1976-இல் பாம்பே ஹையிலிருந்து எண்ணெய் வரத் தொடங்கியது. இன்னொன்றை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நம்மிடம் கூடுதலாக வாங்கிய டாலரை வளைகுடா நாடுகள் சாலை, துறைமுகம், ஆஸ்பத்திரி என்று கட்டடங்களில் போட்டன. கொத்தனார், ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் எல்லாம் தேவைப்பட்டார்கள். மாஹிமிலும் தாராவியிலும் பாஸ்போர்ட்டுக்காகவும் ஏஜெண்டுக்காகவும் காத்துக் கிடந்த மலையாளிகளையும் நம்மவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அனுப்பிய பணமும் சேர்ந்து 1976-77-இல் நாட்டின் வெளிநாட்டுக் கணக்கில் உபரி காட்டியது.

நோய் மாறினால் மருந்தும் மாறும் என்பதை 2008-இல் பார்த்தோம். அமெரிக்காவில் வங்கிகள் சரிந்தன. அங்கே வாங்குவது நின்றது. சூரத்தில் வைரம் பட்டை தீட்டும் பட்டறைகள் மூடின. மொத்த விலை ஏற்றம் 2008 ஆகஸ்டில் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2009 ஜூனில் பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று. இம்முறை பணத்தை இறுக்கவில்லை, அவிழ்த்துவிட்டார்கள். அக்டோபர் தொடக்கத்தில் 9 சதவீதமாக இருந்த ரெப்போ, 2009 ஏப்ரலில் 4.75-க்கு வந்தது. கலால் வரியையும் குறைத்தார்கள்.

அண்ணாச்சி அப்போது இல்லை. கடையில் அவருடைய மகன் உட்கார்ந்திருந்தார். வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "மூட்ட கெடக்கு மாமா, ஆளத்தான் காணோம்" என்றார்.