நிறங்களும் பழங்களும் பிறகு

ஸ்பானிஷ் கற்கத் தொடங்குவோருக்கான புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகின்றன. வணக்கம் சொல்வது, எண்கள், நிறங்கள், கிழமைகள், உறவுமுறைகள், பழங்கள், விலங்குகள். பாடத்துக்கு ஒரு தலைப்பு, தலைப்புக்கு இருபது சொல். பார்க்க ஒழுங்காக இருக்கும், தேர்வு வைக்கவும் வசதி. ஆனால் இப்படிச் சில மாதம் படித்தவருக்கு ஊதா நிறத்துக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் ஸ்பானிஷில் பெயர் தெரிந்திருக்கும்; "நேற்று வர முடியவில்லை, நாளைக்கு வரலாமா?" என்று கேட்கத் தெரியாது. அந்த வாக்கியத்தில் எந்தப் பொருளின் பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் படிக்கிறவர், முதலில் மனத்தில் ஏற்றிய சில நூறு சொற்கள் பேச உதவுகின்றனவா என்று பார்த்துத்தான் தொடர்வதா விட்டுவிடுவதா என்று முடிவு செய்கிறார். அதனால் வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் வாதம். வினைகளும் வாக்கியத்தைக் கட்டும் சின்னச் சொற்களும் முதலில் வர வேண்டும். அடுத்து, அவரவர் வாழ்க்கைக்கு வேண்டிய பெயர்ச்சொற்கள். தலைப்புவாரிப் பட்டியல்கள் கடைசியில் வந்தால் போதும்.

இதற்கு முதல் சான்று எண்ணிக்கை. ஸ்பெயினின் ராயல் அகாதமி 1975 முதல் 2004 வரையிலான எழுத்தையும் பேச்சையும் திரட்டி, 15 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட தொகுப்பொன்றை வைத்திருக்கிறது. அதில் அடிக்கடி வரும் சொற்களை வரிசைப்படுத்தினால் தே, லா, கே, எல், என், இ என்றுதான் தொடங்கும். 'உடைய', 'அந்த', 'என்று', 'இல்', 'மற்றும்' என்ற வேலைகளைச் செய்யும் சொற்கள் இவை. நாற்பது இடங்களைத் தாண்டிய பிறகுதான் முதல் பெயர்ச்சொல் தலைகாட்டுகிறது. அது ஆண்டுகளைக் குறிக்கும் 'ஆன்யோஸ்'. மொழியியலாளர் மார்க் டேவிஸ் 2 கோடி சொற்கள் கொண்ட தொகுப்பிலிருந்து 5000 சொற்களைத் தேர்ந்தெடுத்து, கற்போருக்கென்றே ஓர் அகராதியை 2006-இல் வெளியிட்டார். அந்தக் கணக்கின்படி முதல் 1000 சொற்கள் தெரிந்தால், எழுதப்பட்ட எதிலும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தெரிந்த சொல்லாகிவிடும். பேச்சில் அந்த அளவு 85 விழுக்காட்டையும் தாண்டும். இரண்டாவது ஆயிரம் சேர்ப்பது ஐந்து முதல் எட்டு விழுக்காடுதான். மூன்றாவது ஆயிரம் அதிலும் பாதி. எந்த மொழியிலும் சில சொற்கள் மிக அதிகமாகவும் மற்றவை மிகக் குறைவாகவும் புழங்கும் என்று ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் 1930-களிலேயே காட்டினார். முதலில் கற்கும் சொல்லுக்கும் பின்னால் கற்கும் சொல்லுக்கும் பயனில் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, வரிசையைப் பாடநூலின் அழகுக்கு விட்டுவிடக் கூடாது.

எண்ணிக்கையைவிட எனக்கு வலுவாகப் படுவது வேறொன்று. பொருளின் பெயர் தெரியாவிட்டால் விரலால் சுட்டிக் காட்டலாம். 'இன்னும்', 'ஏற்கெனவே', 'ஆனாலும்', 'வேண்டியிருக்கிறது' என்பவற்றை யாராலும் சுட்டிக் காட்ட முடியாது. மாட்ரிட்டில் ஒரு மருந்துக்கடை வாசலில் நிற்பவரை நினைத்துப் பாருங்கள். தலை, தோள், முழங்கால் என்று உடல் உறுப்புகள் அத்தனையும் பட்டியலாகத் தெரிந்திருந்தும் 'வலிக்கிறது' தெரியாதவர், கடைக்காரர் முன்னால் உறுப்பின் பெயரைச் சொல்லிவிட்டு முழிப்பார். 'மே துவேலே' என்ற இரண்டு சொல் மட்டும் தெரிந்தவர், அதைச் சொல்லிக்கொண்டே முழங்காலைத் தொட்டுக் காட்டினால் வேலை முடிந்தது. கூடவே "இதை எப்படிச் சொல்வது?" என்று பொருள் தரும் 'கோமோ சே தீசே எஸ்தோ' தெரிந்துவிட்டால், பெயர்ச்சொற்களை ஊர்க்காரர்களிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வினைகள் ஒன்றோடொன்று கூடி வேலை செய்கின்றன என்பது இன்னொரு லாபம். 'கியேரோ' என்றால் எனக்கு வேண்டும். 'புவேதோ' என்றால் என்னால் முடியும். 'தெங்கோ கே' என்றால் செய்தாக வேண்டும். 'வோய் ஆ' என்றால் செய்யப்போகிறேன். இவற்றின் பின்னால் எந்த வினையையும் அதன் அகராதி வடிவத்திலேயே ஒட்டலாம். எதிர்கால வினைவிகுதிகளைப் படிக்காமலேயே எதிர்காலத்தைப் பேச 'வோய் ஆ' ஒன்றே பல மாதங்களுக்குப் போதும். அதிகம் புழங்கும் இந்த வினைகள்தான் விதிகளுக்கு அடங்காதவையும்கூட. ஆகவே 'செர்' என்ற வினையைப் படித்து, அதிலிருந்து 'சோய்', 'எஸ்', 'எரா' என்று வருவிக்கப் பார்ப்பதைவிட, இந்த வடிவங்களைத் தனித்தனிச் சொற்களாகவே ஏற்றுக்கொள்வது நல்லது.

தலைப்புவாரிப் பட்டியல் பயன் குறைந்தது என்பதோடு முடியவில்லை. அது குழப்பவும் செய்யும். தாமஸ் டிங்க்கம் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகையைச் சேர்ந்த சொற்களைச் சேர்த்துக் கற்றவர்கள், தொடர்பில்லாத சொற்களைக் கற்றவர்களைவிட அதிக முறை முயல வேண்டியிருந்தது. ராப் வாரிங் 1997-இல் ஜப்பானியர்களிடம் அதே சோதனையைச் செய்து அதே முடிவுக்கு வந்தார். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதே அளவு விளைவைக் காட்டவில்லை என்றாலும், ஸ்பானிஷ் படித்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். அறுபது 'செசெந்தா', எழுபது 'செதெந்தா'. ஒரே எழுத்துதான் வித்தியாசம். இரண்டையும் ஒரே நாளில் படித்தவர் ஆண்டுக்கணக்கில் விலை கேட்கும் இடத்திலெல்லாம் தயங்குவார். செவ்வாய் 'மார்த்தெஸ்', புதன் 'மியேர்கொலெஸ்': இரண்டும் 'ம'வில் தொடங்கி, அடுத்தடுத்த நாளாகவும் அமைந்துவிட்டன. ஒன்றை நன்றாக ஊன்றவிட்டு, சில வாரம் கழித்து மற்றதைத் தொட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

அடுத்தது நாடுகளின் கணக்கு. ஸ்பானிஷ் 20 நாடுகளின் ஆட்சிமொழி. அங்கெல்லாம் 'வேண்டும்', 'முடியும்', 'ஆனால்', 'எப்போது' என்பன ஒன்றுதான்; மாறுவது சமையலறையும் தெருவும். உருளைக்கிழங்கு ஸ்பெயினில் 'பதாதா', அமெரிக்கக் கண்டம் முழுவதும் 'பாப்பா'. அவகாடோ மெக்சிகோவில் 'அகுவகாதே', சிலியிலும் பெருவிலும் அர்ஜென்டினாவிலும் 'பால்தா'. கார் ஸ்பெயினில் 'கோச்சே', கொலம்பியாவில் 'கார்ரோ', அர்ஜென்டினாவில் 'அவுதோ'. கியூபாவிலும் கேனரித் தீவுகளிலும் பேருந்துக்கு 'குவாகுவா' என்று பெயர். அதே சொல் சிலியில் கைக்குழந்தையைக் குறிக்கும். எந்த நாட்டோடு தொடர்பு வரப்போகிறது என்று தெரியாமலேயே உணவுப் பாடத்தை மனப்பாடம் செய்பவர், அதில் ஒரு பகுதியைப் பின்னால் மாற்றிக் கற்க வேண்டியிருக்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். அடிக்கடி வரும் சொல்தான் தேவையான சொல்லா? செய்தித்தாளையும் நூல்களையும் திரட்டி எண்ணினால் 'அரசாங்கம்' மிக மேலே வந்துவிடும். நாளுக்குப் பத்து முறை சொல்லும் 'ஓலா' வெகு கீழே போய்விடும். பேச்சை மட்டும் எண்ணினாலும் சிக்கல் தீராது. 1950-களில் ஜார்ஜ் கூகன்ஹைம் தலைமையில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மக்களின் பேச்சைப் பதிவுசெய்து, அதிலிருந்து அடிப்படைச் சொற்பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்கள். முள்கரண்டி போன்ற, குழந்தைக்கும் தெரிந்த சாமான்களின் பெயர்கள் அதில் அரிதாகவே கிடைத்தன. அந்தப் பொருள் கையில் இருக்கும்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வேண்டும் என்கிறபோது மட்டும் சொல் உடனே வாய்க்கு வரும். இப்படித் தயாராகக் காத்திருக்கும் சொற்களை அவர்கள் தனியாகத் திரட்டினார்கள். ஸ்பானிஷ் உலகில் இந்த வேலையை உம்பெர்தோ லோபெஸ் மொராலெஸ் பெரிய அளவில் முன்னெடுத்தார். உடல், உடை, சமையலறை, போக்குவரத்து என்று 16 வட்டங்களை மாணவர்களிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடத்தில் நினைவுக்கு வரும் சொற்களை எழுதச் சொல்லும் முறை அது. பல நாடுகளில் இந்த ஆய்வு நடந்திருக்கிறது.

அப்படியானால் தலைப்புவாரிப் பாடங்களே சரி என்றாகிவிடாதா? ஆகாது. எண்ணிக்கைப் பட்டியலில் ஓட்டை இருக்கிறது என்பதை இந்த ஆய்வுகள் நிறுவுகின்றன. அந்த ஓட்டையை எல்லாரும் ஒரே பெயர்ப் பட்டியலால் அடைக்க வேண்டும் என்று அவை சொல்லவில்லை. செவிலியராக வேலைக்குப் போகிறவருக்கு ஊசியும் காய்ச்சலும் முதல் மாதமே வேண்டும். சைவ உணவுக்காரர் இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றின் பெயர்களை விமானம் ஏறுமுன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். இருவருக்கும் பொதுவானது அந்தச் சில நூறு வினைகளும் இணைப்புகளும்தான். அவற்றோடு தன் ஒரு நாளில் கை தொடும், கண் படும் பொருள்களில் ஐம்பதைத் தானே எழுதிச் சேர்த்துக்கொண்டால் போதும்.

ஐந்தில் நான்கு பங்கு சொல் தெரிந்தால் ஐந்தில் நான்கு பங்கு புரிந்துவிடுமா என்பது இன்னொரு கேள்வி. புரியாது. பத்துச் சொல் வாக்கியத்தில் தெரியாத இரண்டு சொற்களில்தான் பெரும்பாலும் செய்தி இருக்கும். துணையில்லாமல் கதை படிக்க 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் போன்றோர் கணித்திருக்கிறார்கள். முதல் ஆயிரம் சொற்கள் நாவல் வாசிப்பதற்கு உரியவை அல்ல. பேசவும், கேட்டுத் தெரிந்துகொள்ளவும் உரியவை. ஆங்கிலம் அறிந்த தமிழருக்கு மீதிப் பங்கில் கொஞ்சம் இலவசமாகவே கிடைக்கும். இன்ஃபர்மேஷன் 'இன்ஃபொர்மசியோன்' ஆகும், யுனிவர்சிட்டி 'உனிவெர்சிதாத்' ஆகும். இத்தகைய சொற்களுக்கு அட்டை எழுதி மனப்பாடம் செய்வது வீண். 'எம்பராசாதா' என்பது சங்கடப்படுபவளை அல்ல, கர்ப்பிணியைக் குறிக்கும் என்பது போன்ற சில பொய்ச் சாயல்களை மட்டும் தனியே குறித்துக்கொள்ளலாம். போர்ச்சுகீசியர் தமிழில் விட்டுப்போன மேசை, அலமாரி, துவாலை, இலங்கைத் தமிழரின் சப்பாத்து ஆகியவையும் கைகொடுக்கும். அவர்கள் மொழி ஸ்பானிஷின் உடன்பிறப்பு. ஸ்பானிஷில் இவை 'மேசா', 'அர்மாரியோ', 'தோவாயா', 'சபாத்தோ'.

சின்னச் சொற்களைத் தனியாகப் படிக்க முடியாது என்பது கடைசி மறுப்பு. உண்மைதான். 'போர்', 'பாரா' இரண்டுக்கும் அகராதியில் 'ஆக' என்ற பொருளைப் பார்த்து வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் தடுமாறுவார். இவற்றைத் தொடராகத்தான் பிடிக்க வேண்டும். காலையில் என்பதற்கு 'போர் லா மன்யானா', எனக்காக என்பதற்கு 'பாரா மீ' என்று அப்படியே. இங்கே தமிழருக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. 'மே குஸ்தா எல் கஃபே' என்பது எனக்குக் காபி பிடிக்கும் என்பதே. 'மே துவேலே லா கபேசா' எனக்குத் தலை வலிக்கிறது, 'மே பரேசே' எனக்குத் தோன்றுகிறது. ஆங்கில வழியில் பயில்பவர்கள் 'நான்' என்று தொடங்கித் தவறிப் போகும் இந்த இடங்களில், நாம் 'எனக்கு' என்றே தொடங்கலாம். ஆகவே இந்த மூன்று தொடர்களும் முதல் வாரத்திலேயே வரத்தக்கவை.

இரண்டாயிரம் சொற்களைத் தாண்டிய பிறகு பொதுப்பட்டியலின் உதவி வேகமாகத் தேய்ந்துவிடும். அங்கிருந்து சொற்களைத் தருவது அவரவர் வாசிப்பும் கேட்பும்தான். கால்பந்து வர்ணனை கேட்பவருக்கு கோல்கீப்பர் ஸ்பெயின் ஆட்டத்தில் 'பொர்த்தேரோ', அர்ஜென்டினா ஆட்டத்தில் 'அர்க்கேரோ'. எந்த நாட்டு ஆட்டத்தை அதிகம் பார்க்கிறாரோ அந்தச் சொல்லை அவர் முதலில் எடுத்துக்கொள்ளலாம்.