பாதா ஷான்ரென்: மௌனத்தின் அரசியல்

மௌனமாகிவிட்ட கலைஞனைப் பற்றி நம் விவாதங்களில் ரெண்டே தீர்ப்புகள்தான். ஒண்ணு, பயந்துட்டான். இன்னொண்ணு, விலைபோயிட்டான். மூன்றாவதாக ஒன்று சாத்தியமா என்ற கேள்வியோடுதான் சீன ஓவியர் பாதா ஷான்ரெனை நான் அணுகுகிறேன்.

1626இல் நான்சாங் நகரில், மிங் அரச வம்சத்தின் கிளைக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1644இல் மிங் ஆட்சி வீழ்ந்து, மஞ்சூக்களின் சிங் ஆட்சி வந்தது. ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்சடை வைத்தாக வேண்டும், மறுத்தால் மரணம் என்று மறுவருஷமே ஆணை. உடம்பின்மீதே எழுதப்பட்ட அதிகாரம் இது. 1648இல் அவர் பௌத்தத் துறவியானார். முழுசா மொட்டையடிச்சவனுக்குச் சடை வேண்டியதில்லை. ஏறத்தாழ முப்பது வருஷம் துறவியாகவே இருந்தார்.

பிறகு நடந்ததை, அவரை நேரில் சந்தித்த ஷாவ் சாங்ஹெங் எழுதிவைத்திருக்கிறார். வட்டார அதிகாரி ஒருவர் அவரைத் தன் இல்லத்தில் விருந்தாளியாக வைத்துக்கொள்கிறார். ஒரு வருஷம் கடந்ததும் நாள் முழுக்கச் சிரிப்பு, அழுகை. ஓர் இரவு துறவாடையைக் கிழித்து எரித்துவிட்டு ஊர் திரும்புகிறார். அப்புறம் ஒருநாள் தன் வாசலில் 'ஊமை' என்று பெரிதாக எழுதிவைத்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுகிறார். பைத்தியமா, நடிப்பா என்று ஆய்வாளர்கள் சர்ச்சை செய்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இது அதிகாரத்தின் கேள்வி: பைத்தியமென்றால் விட்டுவிடலாம், நடிப்பென்றால் தண்டிக்கலாம். கவனிக்க வேண்டியது அந்த வாசல் எழுத்தை. பேசாமலிருப்பது வேறு, பேச மறுக்கிறேன் என்று அறிவிப்பது வேறு.

ஓவியத்திலும் இதுதான் நடக்கிறது. பெரிய வெற்றுத்தாள், அதில் ஒரு மீன். தண்ணீர் வரையப்படவில்லை. கருவிழி கண்ணின் மேல்விளிம்பில் ஒட்டி முறைத்துக்கொண்டிருக்கும். ஒற்றைக் காலில் ஒடுங்கிய பறவை, அடி சிறுத்து எப்ப வேணா உருளப்போகும் பாறை. மை உறிஞ்சும் தாளில் ஒருமுறை இழுத்த கோட்டைத் திருத்த முடியாது. 1684 முதல் அவர் இட்ட 'பாதா ஷான்ரென்' என்ற கையெழுத்தில் நான்கு எழுத்துகளும் மேலிருந்து கீழாக ஒட்டிக்கொண்டு, அழுவதென்றும் சிரிப்பதென்றும் படிக்கும்படி நிற்கின்றன.

1690இல் வரைந்த மயில்களின் வாலில் மூன்றே இறகுகள். நிற்பதோ நிலையில்லாத பாறைமேல். சிங் அதிகாரிகளின் தொப்பியில் மயிலிறகு உண்டு என்று தெரிந்தவர்களுக்குக் கிண்டல் புரியும். ஆனால் இந்தச் சாவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மீனையும் 'மிங் விசுவாசம்' என்று மொழிபெயர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி வாசித்தால், ஓர் அரச வம்சத்துக்காக இன்னொன்றை வெறுத்த இளவரசன்தான் மிஞ்சுவான். அதுல நமக்கு என்ன இருக்கு?

எனக்கு முக்கியமாகப் படுவது, படங்கள் போய்ச்சேர்ந்த வழி. ஏழைப் படிப்பாளிகளும் கசாப்புக்காரர்களும் மது விற்பவர்களும் கூப்பிட்டால் போய்க் குடிப்பார், வரைந்து கொடுத்துவிடுவார் என்கிறார் ஷாவ். பெரிய மனிதர்கள் பட்டுத்துணி கொண்டுவந்தால், காலுறை தைக்க ஆகும் என்று வாங்கி வைத்துக்கொள்வாராம். கடைசியில் அவர்கள் அந்த ஏழைகளிடமும் கசாப்புக்காரர்களிடமும்தான் படத்தை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. இதையும் புனிதமாக்க வேண்டாம். முதுமையில் இடையாள் மூலம் படம் விற்றதற்கு அவருடைய கடிதங்களே சாட்சி. சோறு வேணுமே.

அதே மிங் வம்சத்தில் வந்த ஓவியர் ஷிதாவ் 1684லும் 1689லும் சிங் பேரரசர் காங்ஷியைச் சந்தித்தார். ஆதரவு தேடி பெய்ஜிங் போனார், ஏமாற்றத்தோடு திரும்பினார். அவரைத் துரோகி என்று சொல்ல மாட்டேன். அவரும் மகத்தான கலைஞர். ஆனால் அவர் அரசவையின் அங்கீகாரத்துக்குக் காத்திருந்தார். 1705இல் இறந்த பாதா ஷான்ரெனோ, யாருக்குக் கொடுப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்கிற ரெண்டையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். நான் கேட்ட மூன்றாவது சாத்தியம் இதுதான்.