அளக்கும் கருவியும் காட்டும் திரையும்

பௌதிக ஆய்வுக்கூடத்தில் அளவைக் கருவியைக் கம்ப்யூட்டருடன் இணைத்து, அளவுகளை உடனுக்குடன் திரையிற் காணும் முறை இன்று பெரிதும் பரவியுள்ளது. அதற்குரிய சாதனங்களைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பண்ணுருட்டியை அடுத்த அண்ணாகிராமம் முதலிய ஊர்களிலிருந்து கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பயில வரும் மாணாக்கர்கள் கையாளும் இயந்திரங்கள் ஒரே தன்மையன அல்ல. 2011-ம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் தொடங்கிய திட்டத்தின்படி மடிக்கணினி பெற்றோர் உளர். செல்பேசியன்றி வேறொன்றும் இல்லாதாரும் உளர். ஓர் இயந்திரம் விண்டோஸில் இயங்கும். பிறிதொன்று லினக்ஸில் இயங்கும். இவரெல்லாரும் ஒரே சோதனையைச் செய்து பார்க்கக் கூடுமா என்பது நாம் தெரிந்தெடுக்கும் சாதனத்தையே பொறுத்தது.

முதற்கண் அறியவேண்டுவது, காலத்தைக் காப்பது எது என்பதாம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகின்றது. ஓர் அலைக்கு 20 மில்லிவிநாடி ஆகும். கம்ப்யூட்டரோ பல வேலைகளை மாறி மாறிப் பார்ப்பது. நடுவே 5 மில்லிவிநாடி அது வேறொன்றில் ஈடுபட்டுவிடின், அலையின் காற்பங்கு அளவின்றி ஒழியும். திரையிலுள்ள கோடு அழகாயிருப்பினும் உண்மையாகாது. ஆதலின், காலந்தவறாது அளக்கும் தொழிலைக் கருவிக்குள் இருக்கும் மைக்ரோகண்ட்ரோலரிடமும், காட்டும் தொழிலைக் கம்ப்யூட்டரிடமும் ஒப்புவித்தல் வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்லதோர் உதாரணம் உண்டு. புதுடில்லியிலுள்ள இன்டர் யூனிவர்சிடி ஆக்ஸிலரேட்டர் சென்டர் என்னும் நிலையம் 2004-ம் ஆண்டில் ஃபீனிக்ஸ் என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. கல்லூரிகளுக்கேற்ற மலிவான சோதனைக் கருவிகளைச் செய்வதும், ஆசிரியர்களைப் பயிற்றுவதும் அதன் நோக்கங்கள். அதன் பயனாய்த் தோன்றிய எக்ஸ்பைஸ் என்னும் சிறு பெட்டியில், அளப்பதை மைக்ரோகண்ட்ரோலர் செய்கின்றது. அளவுகள் யூஎஸ்பி கம்பி வழியாகக் கம்ப்யூட்டரை அடைய, பைத்தான் மொழியில் எழுதிய புரோகிராம் அவற்றை வரைந்து காட்டுகின்றது. காலத்தின் பொறுப்பு பெட்டியினிடம் இருத்தலால், திரைப்பகுதியை எந்த இயந்திரத்துக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ளலாம்.

இனித் திரைப்பகுதிக்குரிய சாதனங்களைக் காண்போம். 1986-ம் ஆண்டில் வெளிவந்த லேப்வியூ, படம் வரைவதுபோலவே புரோகிராம் அமைக்க உதவுவது. ஆயினும் அதன் உரிமைக் கட்டணத்தைக் கருதவேண்டும். கியூட் என்பது ஒரே புரோகிராமை விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்கச் செய்வது, பைத்தானோடும் இணங்குவது. உலாவியில் இயங்கும் திரைக்குத் தனியே எதனையும் நிறுவவேண்டுவதில்லை. எனினும் கருவியை நேரே தொடுவதற்கு எல்லா உலாவிகளும் ஒருங்கே இடந்தருவதில்லை.

ஆகவே, ஒன்றை வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புவோமாக: காலத்தைக் காப்பது எது? மாணாக்கர் கையிலுள்ள இயந்திரத்தில் இஃது இயங்குமா? விற்றவர் கைவிடினும் நாமே திறந்து பார்த்துச் செப்பனிட இயலுமா? இம்மூன்றுக்கும் தக்க விடை தருவதே, விலை சிறிதாயினும், நம் ஆய்வுக்கூடத்துக்கு உற்ற சாதனமாம்.